வாயில்லாப் பூச்சியின் வாக்குமூலம்

நசுக்கும்போது சத்தம் வராது, பீங்கான் உரலின் விளிம்பில் இறக்கைத் தூள் வெள்ளை மாவு மாதிரி ஒட்டிக்கொள்ளும், வயிறு மட்டும் ஒருமுறை நெளிந்து குழவிக்கு அடியில் போய்விடும், இரண்டு சொட்டு மருந்துத் தண்ணீர் விட்டு அரைத்தால் அங்கே ஒரு தாய்ப்பூச்சி இருந்ததே தெரியாது, ஒரு துளிக் கலங்கல்தான் மிச்சம், அதைத் தொட்டு ஸ்லைடில் வைத்து மைக்ராஸ்கோப்புக்கு அடியில் தள்ளி இடது கண்ணை மூடிக்கொள்வேன், பன்னிரண்டு வருடமாக இதுதான் என் வேலை, பட்டுப்புழு முட்டை தயாரித்து விவசாயிகளுக்குக் கொடுக்கிற ஒரு கம்பெனியில், முட்டையிட்டு முடித்த தாயை நசுக்கி உடம்பில் நோய் இருக்கிறதா என்று பார்ப்பது, இருந்தால் அதன் முட்டைகளைக் கொளுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் ரிஜிஸ்டரில் இல்லை என்று எழுத வேண்டும், யாரிடமும் பேச வேண்டியதில்லை, அதனாலதாம்மா உன்ன இதுல போட்டன் என்று மேலாளர் தனசேகர் சார் சேர்ந்த அன்றே சொன்னார், சொல்லிவிட்டுச் சிரித்தார், எனக்கு ஏதோ நல்லது செய்துவிட்டதைப் போல. பட்டுப்பூச்சி கூட்டை விட்டு வெளியே வந்தபின் எதையும் தின்னாது, குடிக்காது, வாய் என்று பெயருக்கு ஏதோ இருக்கும், உபயோகமில்லை, ஜோடி சேர்ந்து, முட்டையிட்டு, செத்துப்போகும், இதை எங்களுக்குப் பயிற்சியில் சொன்ன அன்றைக்கே இந்திராணி அக்கா கையைத் தட்டினாள், இங்க பாருங்கடி, ஒரு வாயில்லாப் பூச்சி இன்னொரு வாயில்லாப் பூச்சிய நசுக்கப் போவுது, கூடத்தில் பதினான்கு பெண்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பொருள் எழுதுக, வாக்கியத்தில் அமைத்து எழுதுக, எட்டாம் வகுப்பில் பத்மாவதி டீச்சர் கரும்பலகையில் எழுதுகிறார், எழுத்து கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, வாயில்லாப் பூச்சி, பொருள், தன் குறையைக்கூட எடுத்துச் சொல்லத் தெரியாத சாது, எல்லாரும் எழுதிட்டீங்களா, இப்ப வாக்கியம், என்று திரும்பி வகுப்பை ஒருமுறை பார்க்கிறார், நான் தலையைக் குனிந்துகொள்கிறேன், குனிந்ததுதான் தப்பு, சாக்பீஸ் என் பக்கம் நீள்கிறது, எங்கள் வகுப்பில் என்று தொடங்கி என் பெயரைச் சொல்லி ஒரு வாயில்லாப் பூச்சி ஆவாள் என்று முடிக்கிறார், நாற்பத்திரண்டு பேர் எழுதுகிறார்கள், பேனா முள் காகிதத்தில் கிறுகிறுக்கும் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது, நானும் எழுதினேன், என் கையெழுத்தில், என் பெயரைப் போட்டு, அரையாண்டுப் பரீட்சையில் அதே கேள்வி வந்தது, அதே வாக்கியத்தை எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கினேன், டீச்சர் விடைத்தாளைக் கொடுக்கும்போது கன்னத்தைத் தட்டி, பாரு, எவ்ளோ சமத்து என்றார். டீச்சர் கெட்டவர் இல்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை, கெட்டவர்களாக இருந்தால் வெறுத்துவிட்டுப் போகலாம், இந்தச் சொல்லை என்மேல் ஒட்டியவர்கள் எல்லோரும் கன்னத்தைத் தட்டிக்கொண்டேதான் ஒட்டினார்கள். எனக்குள் பேச்சு ஓய்ந்ததே கிடையாது, அது யாருக்கும் தெரியாது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இறங்கும்வரை பேசிக்கொண்டே வருவேன், கண்டக்டரோடு சண்டை, மாமியாரோடு சண்டை, எல்லாவற்றிலும் நான்தான் ஜெயிப்பேன், வெளியே வரும்போது மட்டும் தொண்டைக்கும் பல்லுக்கும் நடுவில் எங்கேயோ சொற்கள் நின்றுவிடும், முகம் சூடாகிவிடும், எதிரில் இருப்பவருடைய கண் என்மேல் இருக்கிறது என்று தெரிந்த நொடியில் வாக்கியத்தின் பின்பாதி காணாமல் போய்விடும், கூச்சம் என்றால் அவ்வளவுதான், அது அறிவில்லாமை இல்லை, சம்மதம் இல்லை, சாதுத்தனம் நிச்சயமாக இல்லை, பத்மாவதி டீச்சர் தப்பான பொருளை எழுதிப்போட்டார், நாற்பத்திரண்டு பேர் அதை அப்படியே இறக்கிக்கொண்டார்கள்.

பெண் பார்க்க வந்தபோது என் அத்தை மாப்பிள்ளை வீட்டாரிடம் இதே சொல்லைத்தான் தாம்பாளத்தில் வைத்து நீட்டினாள், எங்க புள்ள வாயில்லாப் பூச்சிங்க, ஏன்னு ஒரு வார்த்த கேக்காது, மாமியார் முகம் மலர்ந்ததை நான் கதவிடுக்கில் பார்த்தேன், அத்தை அப்போது ஒரு குறையைச் சொல்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், அது விலை என்று பிறகு புரிந்தது, எனக்காக அல்ல, அவர்களுக்காகச் சொன்ன பொருள், இவளிடம் எதையும் செய்யலாம், வெளியே போகாது, உரக்கச் சொல்லாத ஒரு வாக்குறுதி. என் கணவர் சின்னமுத்து கல் குவாரியில் லாரி ஓட்டுகிறவர், அடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவர் இல்லை, ஊரில் என்னைப் பற்றிக் கேட்டால் அவளுக்கு என்னா தெரியும் என்பார், பதினாறு வருடத்தில் என்னிடம் எது வேண்டும் என்று கேட்டதில்லை, அதற்காகத் தனியாக ஒரு வெறுப்பை வைத்திருக்கிறேன், அதைப் பற்றி இப்போது வேண்டாம், ஐப்பசி மாதத்துக்கு வருகிறேன்.

ஐப்பசி பதினெட்டு, வியாழக்கிழமை, மழை விட்டு விட்டுப் பெய்கிறது, கூடத்தில் ஈரவாடை, அன்றைக்கு இருநூறு தாய்ப்பூச்சிகள், பத்துப் பத்தாக அரைத்துப் பார்க்கிறேன், ஏழாவது ஸ்லைடில் அது இருந்தது, நீள்வட்டமாக, அரிசிக் குருணை மாதிரி, ஆனால் அரிசிக்கு இல்லாத ஒரு மினுக்கம், ஒன்று இரண்டு இல்லை, வட்டம் நிறைய, மெதுவாக ஆடிக்கொண்டு, பெப்ரைன், தாயின் வயிற்றிலிருந்து முட்டைக்குள்ளேயே போய்விடுகிற நோய், முட்டை பொரிந்து வரும் புழு நோயோடுதான் வரும், ஒரு புழுவின் கழிவு பட்டால் மற்றதற்கும் வரும், மருந்து கிடையாது, எங்கள் வேலையில் இதற்குத்தான் இந்த மைக்ராஸ்கோப்பே, பன்னிரண்டு வருடத்தில் நான்கு தடவைதான் பார்த்திருக்கிறேன், எட்டாவது ஸ்லைடிலும் இருந்தது, பதினோராவதிலும். எழுந்து தனசேகர் சார் அறைக்குப் போனேன், அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார், முட்டை இன்னும் ரெண்டு நாள்ல வந்துரும், கவலப்படாதீங்க என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார், நின்றேன், பேசி முடித்துவிட்டு என்னம்மா என்றார், சார், இருக்குது சார் என்றேன், என்னா இருக்குது, பெப்ரைன் சார், மூணு ஸ்லைடுல இருக்குது, அவர் முகம் ஒரு கணம் வெளுத்தது, நான் பார்த்தேன், அந்த வெளுப்புக்கு நான் சாட்சி, பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ஸ்லைட நீ சரியாக் கழுவல, கழுவிட்டு மறுபடியும் பாரு போ என்றார். கழுவினேன், புது ஸ்லைடில் புதுத் துளி வைத்தேன், இருந்தது, திரும்பவும் போனேன், கதவு திறந்தே இருந்தது, வாசலுக்கு வெளியே இந்திராணி அக்கா முட்டை ஒட்டியிருக்கும் அட்டைகளைக் கயிற்றில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள், கையெட்டும் தூரம், கழுவிட்டுப் பாத்தன் சார், இருக்குது சார் என்றேன், இந்தத் தடவை முதல் தடவையைவிடச் சத்தமாக, அக்காவின் கை கயிற்றில் நின்றது, திரும்பி என்னைப் பார்த்தாள், சார் எழுந்து வந்து கதவைப் பாதி சாத்தினார், சரி, நீ ரிஜிஸ்டர்ல ஒண்ணும் எழுதாத, அப்பிடியே வெச்சிட்டுப் போ, நான் பாத்துக்கறன் என்றார். வைத்துவிட்டு வந்தேன். சனிக்கிழமை காலையில் டெம்போ வந்தது, முட்டை அட்டைகள் போயின, ரிஜிஸ்டரைத் திறந்தேன், நான் வெறுமையாக விட்ட கட்டத்தில் நீல மையில் இல்லை என்று இருந்தது, அது என் எழுத்து இல்லை, ல் என்பதன் சுழியை அவர் பாதியில் விடுவார்.

பிறகு ஒரு மாதம் ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லாமல் ஒரு மாதம் எப்படிப் போகும் என்று இப்போது யோசிக்கிறேன், போயிற்று, தீபாவளிக்குக் கம்பெனியில் எல்லோருக்கும் இனிப்புப் பெட்டி கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன், கார்த்திகைக் கடைசியில் ஒரு காலையில் கேட்டுக்கு வெளியே கூச்சல், பதினைந்து இருபது பேர், டிராக்டரில் வந்திருக்கிறார்கள், தட்டுகள், கூடைகள், எல்லாவற்றிலும் புழு, கூடு கட்ட வேண்டிய நாளில் கூடு கட்டாமல், ஒன்று விரல் நீளம் ஒன்று நகத்தளவு என்று வளர்ச்சி கோணி, உடம்பெல்லாம் மிளகுத்தூள் தூவியது மாதிரி கரும்புள்ளி, பாதி செத்து, பாதி சாகக் கிடந்து, அந்த நாற்றம் மூன்று நாள் கேட்டை விட்டுப் போகவில்லை. முன்னால் நின்றவள் மாதம்மா, புங்கமரத்துக்கொட்டாய்க்காரி, எங்களிடம் எட்டு வருடமாக முட்டை வாங்குகிறவள், வாட்ச்மேன் தடுக்கத் தடுக்க உள்ளே வந்து கூடையை ஆபீஸ் படியில் கவிழ்த்தாள், இந்தா, எடுத்துக்கிங்க, உங்க முட்ட, ராப்பகலா மல்பெரித் தழ வெட்டிப் போட்டன், புள்ளைக்கி ஜொரம்னா கூட புழுவுக்குத் தழ போட்டுட்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனன், இந்தா, என்று கத்தினாள், பதினோரு வீட்டில் ஒரே மாதிரி என்றார்கள், எல்லாம் அந்தச் சனிக்கிழமை டெம்போவில் போன அட்டைகள். நான் கூடத்து ஜன்னலில் நின்று பார்த்தேன், படியில் ஒரு புழு மட்டும் தலையைத் தூக்கித் தூக்கி எதையோ தேடியது, தனசேகர் சார் வெளியே போய்க் கையெடுத்துக் கும்பிட்டார், எல்லாம் விசாரிக்கறோம்மா, தப்பு செஞ்சது யாரா இருந்தாலும் விடமாட்டோம், அவர் குரல் நன்றாக இருக்கும், மேடைக்குப் பொருத்தமான குரல்.

விசாரிக்கச் சேலத்திலிருந்து கம்பெனியின் வக்கீல் வந்தார், அதற்கு முந்தின நாள் சாப்பிடும்போது சின்னமுத்து, கேட்டா தலைய ஆட்டிட்டு வா, உன்ன யாரு பேசச் சொன்னா என்றார், பருப்பில் உப்பு இல்லை என்று சொல்கிற அதே குரலில். மறுநாள் சார் அறையில் மின்விசிறி ஓடுகிறது, வக்கீல் மேசைக்குப் பின்னால், சார் பக்கத்தில், எதிரில் பெஞ்சில் நான், இந்திராணி அக்கா, வாட்ச்மேன் கோவிந்தன், என்னை நோக்கி முதல் கேள்வி வரும் என்று வாயை ஈரப்படுத்தி வைத்திருந்தேன், வரவில்லை, என்னைப் பற்றி என்னைத் தவிர எல்லோரிடமும் கேட்டார்கள். இந்தப் பொண்ணு எப்பிடி என்று வக்கீல் கேட்க, பாவம் சார், வாயில்லாப் பூச்சி என்றாள் இந்திராணி அக்கா, உடனே, யோசிக்காமல், கோவிந்தன் தலையாட்டி, ஆமாங்க, பன்னெண்டு வருசத்துல எங்கிட்ட பத்து வார்த்த பேசியிருக்குமானு சந்தேகம் என்றார், அப்ப நோய் இருக்குதுன்னு பாத்திருந்தாலும் சார்கிட்ட வந்து சொல்லியிருக்குமா, என்று வக்கீல் ஒரு நூலை ஊசியில் கோக்கிறவர் மாதிரி மெதுவாகக் கேட்டார், அக்கா என்னைப் பார்க்கவில்லை, மின்விசிறியைப் பார்த்தாள், அது எங்கங்க சொல்லப்போவுது, பயந்துக்கும் சார் என்றாள். சார் பெருமூச்சு விட்டார், நானே கேட்டன் சார், ரிஜிஸ்டர்ல ஏம்மா எழுதல, நோய் இருக்குதான்னு, இல்லேனு தலையாட்டுச்சு, சரினு நானே எழுதினன், அத திட்டாதீங்க சார், அதுக்குத் திட்டு தாங்காது. அது, அது, அது என்று என்னைச் சொன்னார்கள், பூச்சியைச் சொல்கிற மாதிரியே, எவ்வளவு அன்பாக, எவ்வளவு பரிவாக, எனக்குக் காது அடைத்துக்கொண்டது, எட்டாம் வகுப்பில் பேனாக்கள் கிறுகிறுத்த சத்தம், அத்தையின் தாம்பாளம், கூடத்துச் சிரிப்பு, எல்லாம் இதற்காகத்தான் இத்தனை வருடம் சேர்ந்துகொண்டு வந்திருக்கின்றன, அந்தச் சொல் என் சுபாவத்தைச் சொல்லவில்லை, நான் வாய் திறந்தாலும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறது, இதைவிட வசதியான சொல் உலகத்தில் எந்தக் குற்றவாளிக்கும் கிடைத்திருக்காது.

வக்கீல் ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார், ஏற்கெனவே டைப் அடித்திருந்தது, நான் என்று தொடங்கி என் பெயர், பிறகு, இயல்பிலேயே கூச்ச சுபாவம் உடையவளாதலால், நோய் இருப்பதைக் கண்டும் மேலாளரிடம் தெரிவிக்கத் தயங்கிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன், கீழே புள்ளி வைத்த கோடு, கையெழுத்து போடும்மா, வேலைய விட்டுத் தூக்க மாட்டாங்க, வேற செக்‌ஷனுக்கு மாத்துவாங்க, அவ்ளோதான் என்றார், பேனாவைத் திறந்து கையில் கொடுத்தார், எனக்கு முகம் சூடாகிறது, நான்கு ஜோடிக் கண்கள் என்மேல் இருக்கின்றன, வாக்கியத்தின் பின்பாதி வழக்கம்போல விலகி ஓடுகிறது, முன்பாதி மட்டும் வந்தது, சொன்னேன் என்றேன். என்னா, என்றார் வக்கீல். சொன்னேன், ரெண்டு தடவ, சார்கிட்ட, இதே ரூம்ல. சார் சிரித்தார், கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, சிரித்தார், பாத்தீங்களா சார், இதுவா பேசுது, யாரோ நல்லா சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்காங்க, அந்த விவசாயிங்கதான் என்றார், வக்கீலும் சிரித்து, யாரும்மா சொல்லிக் குடுத்தது, பயப்படாம சொல்லு என்று குனிந்தார். பேசாவிட்டால் பூச்சி, பேசினால் கிளி, இவர்கள் புத்தகத்தில் எனக்கு மனுஷி என்று ஒரு சொல்லே கிடையாது. பேனாவை மூடி மேசைமேல் வைத்தேன், அது உருண்டு கீழே விழுந்தது, எடுக்கவில்லை, எழுந்து வெளியே வந்தேன், இந்திராணி அக்கா பின்னாலேயே ஓடிவந்து தோளைப் பிடித்தாள், கோவிச்சுக்காதடி கண்ணு, எனக்கு ரெண்டு பொண்ணுங்க, இந்த வேல போனா நான் எங்க போவன், உனக்காவது புருசன் இருக்கறான், அவள் கண்ணில் தண்ணீர், உண்மையான தண்ணீர்தான், எனக்கு அதன்மேல் ஒரு துளி இரக்கமும் வரவில்லை, உனக்குத்தான் வாய் இருக்குதேக்கா, அத வெச்சிக்கிட்டு என்னா கிழிச்ச, என்றேன், அவள் கை தோளிலிருந்து விழுந்தது, அப்படி ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்தது அதுதான் முதல் தடவை, அதுவும் ஏழையிலும் ஏழையான ஒருத்தியிடம், அதில் எனக்கு ஒரு கொடூரமான சந்தோஷம் இருந்தது, மறைக்கவில்லை.

மத்தியான பஸ்ஸில் ஏறினேன், புங்கமரத்துக்கொட்டாய் ஒண்ணு என்று கண்டக்டரிடம் கேட்டபோது அவர் காதைச் சாய்த்தார், மறுபடியும் சொன்னேன், வழியெல்லாம் பேசிக்கொண்டே போனேன், உள்ளுக்குள், மாதம்மாவிடம் சொல்ல வேண்டியதை அடுக்கிக்கொண்டு, அதில் நான் நல்லவள், தனசேகர் பாவி, இந்திராணி துரோகி, கேட்கிறவர்கள் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள், இறங்கி மல்பெரித் தோட்டங்களுக்கு நடுவில் நடக்கிறேன், தழை யாரும் வெட்டாமல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது, தின்ன புழு இல்லை. மாதம்மா புழு வளர்க்கிற கொட்டகையில் தட்டுகளைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, நீ அந்தக் கம்பெனி பொண்ணுதான, மைக்ராஸ்கோப்புல பாக்கறவ, என்னா வேணும் என்றாள், உட்கார் என்று சொல்லவில்லை, நின்றுகொண்டே சொன்னேன், உங்களுக்குக் குடுத்த முட்டையில நோய் இருந்துச்சுக்கா, நான் பாத்தன், சார்கிட்ட ரெண்டு தடவ சொன்னன், அவர் கேக்கல, ரிஜிஸ்டர்ல இல்லேனு அவரே எழுதிக்கிட்டாரு, இப்ப நான் சொல்லவே இல்லேன்றாங்க. சொல்லிவிட்டேன், முழுதாக, மூச்சு வாங்கியது, அவள் என் கையைப் பிடித்துக்கொள்ளக் காத்திருந்தேன், அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, என்னைக்குப் பாத்த என்றாள், வியாழக்கிழம, எங்களுக்கு முட்ட எப்ப வந்துச்சு, சனிக்கிழம, அவள் விரலை மடக்கினாள், நடுவுல ஒரு நாள் முழுசா இருந்துச்சு, இன்னிக்கு வந்தியே, இதே பஸ்ஸு அன்னிக்கும் ஓடிச்சு, எங்கிட்ட வந்து ஒரு வார்த்த சொல்றதுக்கு உனக்கு என்னா வந்துச்சு.

எனக்கு என்ன வந்தது. பஸ்ஸில் அடுக்கிக்கொண்டு வந்ததில் இந்தக் கேள்வி இல்லை, வாய் திறந்தேன், நான் வாயில்லாப் பூச்சிக்கா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது, எல்லோரும் சொல்வார்களே, நான் கூச்ச சுபாவம், யாரிடமும் போய்ப் பேச வராது, அந்த வாக்கியத்தை எனக்கு நன்றாகத் தெரியும், இரண்டு மதிப்பெண் வாங்கிய வாக்கியம், அது பல்லில் இடித்தபோதுதான் தெரிந்தது, காலையில் வக்கீல் டைப் அடித்துக்கொண்டு வந்த அதே வரி, அங்கே கையெழுத்துப் போட மறுத்துவிட்டு இங்கே வந்து நானாகவே போடப் பார்க்கிறேன், அவர்கள் மட்டுமா அந்தச் சொல்லை உபயோகித்தார்கள், நானும்தான், சாரிடம் சொல்லிவிட்டு வந்த வியாழக்கிழமை சாயங்காலம் எனக்கு மனசு எவ்வளவு லேசாக இருந்தது, சொல்லியாயிற்று, இனி அவர் பாடு, என்று வீட்டுக்குப் போய் ரசம் வைத்து இரண்டாம் தடவையும் சோறு போட்டுக்கொண்டேன், வெள்ளிக்கிழமை கூடத்தில் வேறு பூச்சிகளை நசுக்கினேன், சனிக்கிழமை டெம்போவில் அட்டை ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், டிரைவர் பெயர்கூடத் தெரியும், அண்ணா இத எடுத்துட்டுப் போவாத என்று நான்கு சொல், யாரும் என்னிடம் அதை எதிர்பார்க்கவில்லை, எதிர்பார்க்காதது எவ்வளவு சௌகரியமாக இருந்தது. மாதம்மா காத்துக்கொண்டு நிற்கிறாள், அவள் பார்வையில் பரிவு கொஞ்சமும் இல்லை, அத்தனை வருடத்தில் என்னை இப்படி யாரும் பார்த்ததில்லை, பதில் சொல்ல வேண்டிய ஒருத்தியாக. சொல்லியிருக்கணும்க்கா, சொல்லல என்றேன். அழத் தொடங்கினேன். அழுவாத, நீ அழுதா இங்க யாரு வூட்டுக்கும் ஒண்ணும் ஆவாது, என்றாள் மாதம்மா, வா எங்கூட.

அடுத்த திங்கட்கிழமை பதினோரு வீட்டாரோடு நானும் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போனதும், வெள்ளைத்தாளில் தேதி, கிழமை, ஸ்லைடு எண்ணோடு என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்ததும், கம்பெனி முட்டை விற்பதை நிறுத்திவைத்ததும், என் வேலை போனதும், சின்னமுத்து நான்கு நாள் என்னோடு பேசாமல் இருந்துவிட்டு ஐந்தாம் நாள், அன்னிக்கி நெசமாவே ரெண்டு தடவ சொன்னியா என்று கேட்டதும் பிறகு நடந்தவை, அந்த மத்தியானம் எனக்கு அதெல்லாம் தெரியாது, மாதம்மா என்னைத் தெருவில் இழுத்துக்கொண்டு போகிறாள், முதல் வீட்டு வாசலில் நிறுத்தி, சொல்லு, எங்கிட்ட சொன்னத சொல்லு என்கிறாள், சொல்கிறேன், முணுமுணுக்காத, வாயத் தொறந்து சொல்லு என்கிறாள், திரும்பச் சொல்கிறேன், அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள், ஒருவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள், ஒவ்வொரு வீட்டிலும் முதலில் தனசேகர் பெயரைச் சொன்னேன், அங்கே நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு தடவையும் தோன்றியது, மாதம்மா விடவில்லை, மீதியையும் சொல்லு என்றாள், அவள் வீட்டையும் சேர்த்துப் பத்து வீடு முடிந்தது. பதினோராவது தீர்த்தகிரியின் வீடு, அறுபது வயது இருக்கும், தனி ஆள், அறுந்த கயிற்றுக் கட்டிலுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார், அதுக்குக் காது மந்தம், கத்தினாத்தான் கேக்கும் என்று மாதம்மா சொல்லிவிட்டு இடுப்பில் கைவைத்துத் தள்ளி நின்றாள், பின்னால் பத்து வீட்டுச் சனமும் தெருவில் நிற்கிறது, நான் கட்டிலருகே குனிந்து சொன்னேன், அவர் ஆங் என்றார், இன்னும் சத்தமாகச் சொன்னேன், நோயி இருந்துச்சு, மேனேஜருக்குத் தெரியும், என்று தொண்டை கிழியக் கத்தினேன், என் குரல் அப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது, கரகரத்து, ஆண்குரல் மாதிரி, எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி வந்தது, தெரிஞ்ச இன்னொரு ஆளும் இருந்துச்சு, இங்க வந்து உங்ககிட்ட சொல்லல, என்று கத்தினேன். தீர்த்தகிரி கயிற்றை விட்டுவிட்டுக் கையைக் காதுக்குக் குவித்துக்கொண்டு என் வாயையே உற்றுப் பார்த்தார், யாரு, என்றார், யாரு சொல்லல?

நான், என்று கத்தினேன், நான்தான்.